எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில்? நம் குடும்பங்களும் அரசுப் பதிவேடுகளும்

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சமுதாயத்தில் இரண்டு தேடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, பள்ளிவாசல் நிர்வாகிகளின் தேடல். வக்ஃப் திருத்தச் சட்டத்தின்படி ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் விவரத்தையும் ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்றார்கள். கெடுவை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மறுத்தது. அவகாசம் வேண்டுவோர் வக்ஃப் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சொல்லிவிட்டது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு நடந்த தேடல். நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், 2002, 2005-ஆம் ஆண்டுகளின் பட்டியலில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இருபது ஆண்டுக்கு முன் எந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டோம் என்று பெரியவர்களைக் கேட்டு அலைந்த குடும்பங்கள் பல.

இரண்டு தேடலும் வந்து நின்ற கேள்வி ஒன்றுதான். நம்மைப் பற்றி அரசு எழுதி வைத்திருக்கும் காகிதம் எங்கே இருக்கிறது? எத்தனை காலம் இருக்கும்? தேவைப்படும் நாளில் அதை நாம் எப்படிப் பெறுவது?

சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள மாங்காட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் மாறும்.

ஒரே ஊர், நான்கு முகவரி

மாங்காட்டில் 1970-களில் எழுதிய ஒரு கிரையப் பத்திரத்தைப் பிரித்தால் 'செங்கல்பட்டு மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம், மாங்காடு கிராமம்' என்று இருக்கும். பின்னால் எழுதிய பத்திரத்தில் அதே மாவட்டம் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' ஆகியிருக்கும். 1997 ஜூலை 1 அன்று அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. மாங்காடு காஞ்சிபுரத்துக்கு வந்தது. பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லி திருவள்ளூருக்குப் போய்விட்டது. இப்போது மாங்காடு குன்றத்தூர் வட்டத்தில் இருக்கிறது. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-இல் நகராட்சியும் ஆகிவிட்டது.

இதில் ஒரு பெரிய குழப்பம் ஒளிந்திருக்கிறது. 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் உருவானது. பத்திரத்தில் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினால் ஒரு நாள் வீணாகும். பழைய செங்கல்பட்டு வேறு, புதிய செங்கல்பட்டு வேறு. மாங்காடு புதியதில் இல்லை.

எல்லை மாறும்போது பதிவேடுகள் எல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு புதிய அலுவலகத்துக்குப் போவதில்லை. நடப்பில் இருக்கும் கோப்புகள் போகும். முடிந்துபோன பழைய கோப்புகள் பெரும்பாலும் பழைய அலுவலகத்தின் பதிவறையிலேயே தங்கிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இன்றைய முகவரியை அல்ல. அந்தக் காகிதம் பிறந்த நாளில் ஊர் எந்த வட்டத்தில், எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பதிவறையின் மொழி நமக்கு அந்நியமல்ல

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படியும் சாட்சி வைத்துக்கொள்ளும்படியும் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் படைவீரர்களின் பெயர்களையும் அவர்களுக்குரிய உதவித்தொகையையும் எழுதிவைக்க 'திவான்' ஏற்பட்டது. பிற்காலத்தில் அந்தச் சொல்லே அரசு அலுவலகத்துக்குப் பெயரானது.

தமிழ்நாட்டின் தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்தால் காதில் விழும் சொற்களில் பாதி அங்கிருந்து வந்தவைதான். அசல், நகல், வாரிசு, ரசீது, வசூல், தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அரபு, பாரசீகச் சொற்கள். நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரும் அதே குடும்பம்.

வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான 'பசலி'யும் அப்படித்தான். அக்பர் காலத்தில் ஹிஜ்ரி ஆண்டை அறுவடைக் காலத்தோடு பொருத்தி உண்டாக்கிய கணக்கு அது. நம் மாநிலத்தில் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பழைய அடங்கலில் பசலி 1390 என்று இருந்தால் அது 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. இந்த ஒரு கூட்டல் தெரியாமல் எந்த ஆண்டுக் கணக்கைக் கேட்பது என்று விழிப்பவர்கள் நிறையப் பேர்.

செங்கல்பட்டுச் சீமை ஆவண வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஆற்காடு நவாப் முகம்மது அலி 1763-இல் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிறகு 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 கிராமங்களின் நிலம், ஏரி, வீடு, மக்கள் என அனைத்தையும் கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரம் கிராமக் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்த தமிழ்க் கணக்குகள். இரண்டரை நூற்றாண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

அந்தக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்த அவசரச் சட்டத்தால் ஒழிந்தன. பரம்பரையாக வீட்டுப் பெட்டியில் இருந்த கிராமக் கணக்குகள் அரசு ஊழியரான கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்புக்கு வந்தன. அதே காலத்தில்தான், 1979 முதல் 1987 வரை, நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மக்கள் வாயில் அது 'யு.டி.ஆர்.'. இன்று கணினியில் வரும் பட்டாவுக்கு வேர் அந்தத் திட்டம்தான். அப்போது விடுபட்ட பெயரும், தவறாக ஏறிய பெயரும் அப்படியே கணினிக்குள் போய்விட்டன.

கடிதத்தின் தலைப்பில் இருக்கும் இரண்டு எழுத்து

அரசு எல்லாக் காகிதத்தையும் என்றென்றும் வைத்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுகிறார்கள்.

அரசு அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். 'ந.க. எண்' என்று இருந்தால் அது நடப்பில் உள்ள கோப்பு. முடிந்த கோப்பில் அந்த இடத்தில் வேறு எழுத்துகள் வரும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு. ப.மு. பத்தாண்டு முடிவு. நி.மு. என்பது மட்டுமே நிரந்தரமாக வைக்கப்படுவது. அந்த ஆண்டுகள் கழிந்ததும் கோப்பை அழிக்கலாம். அது சட்டப்படி நடக்கும் காரியம். பள்ளிவாசல் கட்டட அனுமதி பற்றியோ கபரஸ்தான் பாதை பற்றியோ வந்த ஆணையில் மூ.மு. என்று இருந்தால், அலுவலகக் கோப்புக்கு மூன்று ஆண்டுதான் உறுதி. அதற்குப் பிறகு நம் கையில் இருக்கும் தாளே ஒரே சாட்சியாகிவிடலாம். இந்த இரண்டு எழுத்தைப் பற்றி நம் ஜமாஅத் செயலாளர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அழிப்பதில் என்ன ஆபத்து என்பதை இங்கிலாந்து காட்டியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1950, 60-களில் அங்கே குடியேறியவர்களின் வருகைச் சீட்டுகளை உள்துறை 2010-இல் அழித்தது. பழைய காகிதம், இடம் அடைக்கிறது என்று காரணம் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அதே உள்துறை அந்த மக்களிடம் 'நீங்கள் எப்போது வந்தீர்கள், நிரூபியுங்கள்' என்று கேட்டது. வேலை இழந்தவர்கள், மருத்துவம் மறுக்கப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. 2018-இல் அது பெரும் அரசியல் புயலாக வெடித்தது.

இந்தியாவில் மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. 1892-க்கு முந்திய எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது, விதிமுறைக்குப் புறம்பாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது. நம் அன்றாட வாழ்க்கைக்கான பட்டாவும் பத்திரமும் பிறப்புப் பதிவேடும் மாநில அலுவலகங்களில் இருக்கின்றன.

பத்திரமும் பங்கும்

பதிவுத்துறை இந்த விஷயத்தில் மற்ற துறைகளைவிட மேல் என்பது நம் கருத்து. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறும். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில் மட்டும் மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள்.

மாங்காடு போன்ற ஊரில் வில்லங்கம் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை காலப்போக்கில் மாறியிருக்கும். ஒரே மனைக்கு முப்பது ஆண்டு வில்லங்கம் பார்க்க இரண்டு அலுவலகங்களில் தேட வேண்டியிருக்கலாம். இணையதளத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் பரிவர்த்தனையே இல்லை என்று பொருளல்ல. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. வாய்மொழியாகக் கொடுத்த ஹிபா அதில் வராது. பதியாத குடும்ப ஏற்பாடு வராது. ஹிபா முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகவே செல்லும். எழுதி வைத்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹஃபீஸா பீபி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் கொடுத்தவரும் சாட்சிகளும் மௌத்தான பிறகு அதை நிரூபிப்பது எளிதா?

நாம் இங்கே சொல்ல விரும்புவது பெண் மக்களின் பங்கைப் பற்றி. வாப்பா இறந்ததும் பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறும். 'எல்லோருக்குமாகத்தான் மாற்றியிருக்கிறோம்' என்பார்கள். தங்கைகள் கையெழுத்துப் போட்டார்களா, வாரிசுச் சான்றில் அவர்கள் பெயர் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டு கழித்து மனை கோடிக்கு விலை போகும்போது அண்ணன் பிள்ளைகள் 'பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது' என்பார்கள். பட்டா மட்டுமே சொத்துரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அந்நிஸா அத்தியாயம் மகளுக்கு வகுத்த பங்கை ஒரு பட்டா மாற்றம் இல்லாமல் ஆக்கிவிட முடியாது. ஆனால் அதை நிலைநாட்ட அந்தச் சகோதரிக்குத் தாய்ப்பத்திரத்தின் நகலும், வாப்பாவின் இறப்புச் சான்றும், அன்றைய வாரிசுச் சான்றும் வேண்டும். இம்மூன்றையும் இறப்பு நடந்த சில மாதங்களிலேயே ஒவ்வொரு வாரிசும் தனித்தனியாக ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்வது சண்டைக்கான அறிகுறி அல்ல.

பிறப்பும் திருமணமும்

பிறப்பு, குடும்பம் வசிக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில் பதிவாகும். மாங்காட்டுப் பிள்ளை எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். மாங்காடு நகராட்சியில் தேடினால் கிடைக்காது. 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி 21 நாளுக்குள் பதிவதற்குக் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியின் ஆணை வேண்டும். பெயர் வைக்காமல் பதிந்த குழந்தைக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம்.

2023 அக்டோபர் 1 முதல் இதன் கனம் கூடிவிட்டது. அந்த நாளிலோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று மட்டுமே ஆதாரம்.

பெரியவர்களின் பதிவைத் தேடும்போது நம் பெயர்களே இடைஞ்சல். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முஹம்மது என்பது முகமது, மகமது, முகம்மது என்று நான்கு விதமாகக் கிடக்கும். கதீஜா பீவி ஒரு பதிவில் கதிஜாபீ, இன்னொன்றில் கத்தீஜா பேகம். பெயரை வைத்துத் தேடாமல் தேதி, தகப்பனார் பெயர், தெரு ஆகியவற்றை வைத்துத் தேடச் சொன்னால் கிடைக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு தேடியும் இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் சான்று கேளுங்கள். தாமதப் பதிவுக்கு அதுதான் முதல் படி.

திருமணத்தில் நிக்காஹ் தப்தர் போதும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லா மதத்தவரின் திருமணத்தையும் அரசில் பதிவது கட்டாயம். 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம். தப்தர் பள்ளிவாசல் அலமாரியில் இருக்கிறது. அதற்கு இரண்டாவது பிரதி எங்கே என்று கேட்டால் பல ஊர்களில் பதில் இல்லை.

வக்ஃபுக்கு ஆதாரம் எங்கே?

வக்ஃப் செய்தவர் எழுதிய சாசனம் இல்லையே என்று முத்தவல்லிகள் கைவிரிக்கிறார்கள். சாசனம் இல்லாவிட்டாலும் அரசிடம் தடயம் இருக்கலாம்.

ஆற்காடு நவாப் காலத்திலும் அதற்கு முன்பும் பள்ளிவாசல், தர்கா, கோயில், சத்திரம் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களை விசாரிக்க 1858-இல் இனாம் கமிஷன் அமைந்தது. ஊர், நிலத்தின் அளவு, எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தது, கொடுத்தவர் யார், அனுபவிப்பவர் யார், கமிஷனின் முடிவு என்ன என்று கட்டம் போட்டு எழுதினார்கள். அதுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். கூடவே ஒரு டி.டி. எண்ணும் கொடுத்தார்கள். இந்தப் பதிவேட்டுக்கு மிகுந்த சாட்சிய மதிப்பு உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1919-இல் சொன்னது. இன்றும் நீதிமன்றங்கள் அதை எடுத்துக்காட்டுகின்றன.

அதிலிருந்து இன்றுவரை சங்கிலி இப்படி வரும்: இனாம் பதிவேடு, செட்டில்மென்ட் 'அ' பதிவேடு, 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டப்படி வழங்கிய பட்டா, யு.டி.ஆர். பதிவேடு, கணினிப் பட்டா. இடையில் வக்ஃப் வாரியத்தின் சர்வே புரோபார்மாவும் அரசிதழ் அறிவிப்பும் வரும். சொத்து எந்தக் கண்ணியில் கைநழுவியது என்று பார்த்தால், பெரும்பாலும் 1963-க்குப் பிந்திய விசாரணையிலோ யு.டி.ஆரிலோ அன்றைய நிர்வாகி ஆஜராகாமல் விட்டிருப்பார். புல எண்ணின் உட்பிரிவு மாறியிருந்தால், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் விவரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவணம் இருந்தும் நிலம் எது என்று காட்ட முடியாது.

இனாம் பதிவேட்டின் நகல் தேடுவோர் போக வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' என்று கட்டிய சிவப்புக் கட்டடம் அது. 1973-இல் இன்றைய பெயர் வந்தது. 1670 முதலான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமத்தின் பழைய பெயர், தெரிந்தால் டி.டி. எண், இவற்றோடு மனுச் செய்தால் தேடித் தருவார்கள். பாலஸ்தீனக் குடும்பங்கள் தங்கள் நிலத்துக்கு ஆதாரமாகத் துருக்கியிலுள்ள உஸ்மானிய ஆட்சிக்காலப் பதிவேடுகளைத் தேடுகிறார்கள். நமக்கு மாங்காட்டிலிருந்து எழும்பூர் ஒரு பேருந்துப் பயணம்தான்.

தீயும் வெள்ளமும்

ஒரே இடத்தில் இருக்கும் காகிதத்துக்குப் பாதுகாப்பு இல்லை. ஆற்காடு நவாப் 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலில் அரசுத் துறை அலுவலகங்கள் இயங்கிவந்தன. 2012 ஜனவரியில் அங்கே பிடித்த தீயில் தொழில் வணிகத் துறை, சமூக நலத்துறைக் கோப்புகள் எரிந்தன. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கட்டடத்தைப் பிறகு அழகாகப் புதுப்பித்துவிட்டார்கள். கோப்புகளைப் புதுப்பிக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளம் இதன் மறுபக்கம். செம்பரம்பாக்கம் ஏரி மாங்காட்டுக்கு அருகில்தான். அடையாற்றுக் கரையோர வீடுகளில் அலமாரிக்குள் இருந்த பத்திரமும் மதிப்பெண் பட்டியலும் கூழாயின. அரசு சிறப்பு முகாம்கள் நடத்திக் கட்டணமின்றி நகல் கொடுத்தது. அலுவலகத்தில் பதிவு இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. வீட்டில் அழிந்தால் அலுவலகம், அலுவலகத்தில் அழிந்தால் வீடு. சான்றிட்ட நகல் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதும், டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அதில் சேர்ப்பதும் செலவில்லாத காரியங்கள். கைபேசியில் எடுத்த புகைப்படம் எண்ணைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே.

'ஃபைல் காணோம்' என்றால்

அலைந்து களைத்தவர்களுக்கு அலுவலகத்தில் கடைசியாகக் கிடைக்கும் பதில் இது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எல்லா ஆவணங்களையும் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டிய கடமையை அலுவலகத்தின் மீது சுமத்தியிருக்கிறது. தகவல் மறுக்க அந்தச் சட்டம் தரும் காரணங்களில் 'காணவில்லை' என்பது கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஷ்வாஸ் பம்புர்கர் வழக்கில், கோப்பை முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று நிர்ணயிக்க வேண்டும் என்று சொன்னது.

ஆகவே 10 ரூபாய் கட்டண மனுவில் 'என் ஆவணத்தைக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். கோப்பு எண் என்ன, அது எந்த முடிவு வகையைச் சேர்ந்தது, பதிவறைக்கு எந்தத் தேதியில் வந்தது, அழித்திருந்தால் யாருடைய ஆணைப்படி, எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அழிப்புக்கான ஆணையின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. மனுவை விரைவு அஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள்.